டெரினபூலாவில் எழுத்தில்லாத கற்கள்

இதைத் தட்டச்சுச் செய்யப்போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டிய முற்றம் போலத்தான் இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதை ஐந்தாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது, அந்தச் சந்தேகமும் தீராமலே நின்றுவிட்டது. பிழைகளைத் தாராளமாகத் திருத்துங்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் தொடாதீர்கள். அவை தமிழ் அல்ல. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் நின்று இதைச் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடிதாசியில் எழுதும்போது என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

போன சனிக்கிழமை மனைவியோடு இல்ஃபோர்ட்டில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கு வெளியே கிறிஸ்மஸ் மரங்களை வலைக்குள் இறுக்கிச் சுற்றி, சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. ஈர ஊசியிலையின் மணம் வந்து மூக்கில் ஏறியது. கையில் முருங்கைக்காய்க் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, என்ன மரம் வாங்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

"இல்லையப்பா. சும்மா."

"சும்மா நிண்டு ஆக்களின்ரை வழியை மறிக்கிறியள்."

மற்றவர்களுக்கு அது பண்டிகை மணம். எனக்கு டெரினபூலா மணக்கும். அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு இடம் அது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு பகல்தான் அங்கே நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே பிறக்காதவர்களில் அந்த இடத்தைப் பற்றி என்னளவு கேட்டவர் யாரும் இருக்கமாட்டார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மழை நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு தகரக் கொட்டிலுக்குள் இரண்டு ஆண்கள் வேறு என்ன செய்வது?

அந்தக் கொட்டில் ஒரு சேமக்காலைக்குள், கல்லறைத் தோட்டத்துக்குள் இருந்தது. நான் கிழக்கு லண்டனில் ஒரு சேமக்காலையில் புல் வெட்டவும் குழி வெட்டவும் வேலைக்குச் சேர்ந்தேன். நம்மவர்கள் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் நின்ற காலம் அது. நானும் ஒரு கடையில் கொஞ்ச நாள் கல்லாவில் நின்று பார்த்தேன். வருகிறவர்கள் எல்லோரோடும் பேசவேண்டியிருந்தது. சேமக்காலையில் அந்தத் தொல்லை இல்லை. மனைவிதான் பாவம். "சுடலையிலை வேலை எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கவுன்சிலிலை எண்டு சொல்லுங்கோ, காணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வேலை முடிந்து வந்தால் முன்வாசலால் வீட்டுக்குள் வர விடமாட்டாள். செத்தவீட்டுக்குப் போனவர் தலை முழுகாமல் உள்ளே வரலாமா? ஒரு நாள் போனவருக்கு ஒரு நாள் முழுக்கு. தினமும் போகிறவருக்கு? பின்பக்கத்து ஒழுங்கையால் சுற்றி வந்து, தோட்டத்துக் கதவைத் திறந்து, நேரே குளியலறைக்கு ஓடவேண்டும். பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னலால் பார்த்துத் தலையாட்டுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் மார்ட்டின். என்னிலும் நல்ல மூப்பு. நீளமான, கூனல் விழத் தொடங்கிய மனிதர். கைகள் மட்டும் வேறு யாரோ ஒரு பெரிய ஆளுடையவை போல இருக்கும். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் முதல் சில மாதங்கள் நான் அவரைக் கூப்பிடவே இல்லை. ஏதாவது கேட்கவேண்டும் என்றால் நடந்து போய் முன்னால் நின்று, அவர் என்னைப் பார்க்கும்வரை காத்திருப்பேன். "என்ன ஐசே, ஆவி மாதிரி வந்து நிக்கிறீர், அதுவும் இந்த இடத்திலை" என்றார் ஒரு நாள். பிறகு "அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினேன். பொருள் கேட்டார், சொன்னேன். "சரி, அப்பிடியே கூப்பிடும்" என்றார். தன்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் யாரும் மிச்சமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மார்ட்டின் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார் என்று சிரிக்காதீர்கள். அவர் பேசியது ஆங்கிலம்தான், அதுவும் பாதி எனக்கு விளங்காத ஆங்கிலம். ஆனால் அவர் குரல் இன்று என் நினைவில் இந்தப் பேச்சாகத்தான் வருகிறது. நான் அதற்கு என்ன செய்ய?

அந்தச் சேமக்காலையின் ஒரு மூலை முழுக்க ஐரிஷ்காரர்கள். லண்டனில் தெருப் போட்டவர்கள், சுரங்கம் வெட்டியவர்கள், ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த பெண்கள். மற்றவர்களுடைய கல்லில் பெயர் இருக்கும், அன்பான கணவர் என்று இருக்கும். இவர்களுடைய கல்லில் அதோடு ஒரு இடத்தின் பெயரும் வெட்டியிருக்கும். நகரம் அல்ல, ஊர்கூட அல்ல. அதற்கும் உள்ளே ஒரு துண்டு. டவுன்லாண்ட் என்பார்கள். பட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய குறிச்சி மாதிரி. சில இடத்தில் பத்து வீடு, சில இடத்தில் இரண்டு வீடு, சில இடத்தில் வீடே இல்லை, பெயர் மட்டும். ஆயுள் முழுக்க லண்டனில் இருந்துவிட்டு, கல்லில் போய் அந்தத் துண்டின் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். மிஷினை நிறுத்திவிட்டு மார்ட்டின் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவார். இது சிவப்பு மேடு. இது வெட்டின மரங்களின் வெளி. இது இன்னாரின் கோட்டை, கோட்டை எண்டால் ஒரு மண் வட்டம், அவ்வளவுதான். எனக்குச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயரும். அங்கே படுத்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒரு மழை நாளில் கொட்டிலுக்குள் தேநீர் குடிக்கும்போது கேட்டார்.

"நீர் எவடம்?"

"சிறிலங்கா."

"அது தெரியும். அதுக்குள்ளை?"

"யாழ்ப்பாணம்."

"அதுக்குள்ளை?"

நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழாவுக்குப் போனால், சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். "தம்பி ஊரிலை எவடம்?" ஊரைச் சொன்னால், "ஓ, அங்கையோ! கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?" அதையும் சொன்னால், "ஆரின்ரை வீட்டுக்குக் கிட்ட?" இப்படியே வலையை இறுக்கிக்கொண்டு வருவார். குறிச்சியின் பெயர் வாயால் வந்த உடனே அவருக்கு நான் யார், என் தகப்பன் யார், என் வீட்டில் செம்பு எடுத்துத் தண்ணீர் குடிப்பதா வேண்டாமா எல்லாம் தெரிந்துவிடும். முகம் அப்படியேதான் இருக்கும். "சந்தோசம் தம்பி" என்று சொல்லி வேறு மேசைக்குப் போய்விடுவார். அந்தக் கடைசிக் கேள்வி வருவதற்குள் நான் கை கழுவ எழும்பிவிடுவேன். லண்டனில் என்னைப் போல அடிக்கடி கை கழுவிய ஆள் இருக்கமாட்டார்.

மார்ட்டின் கேட்டபோது எழும்பிப் போக இடமில்லை, வெளியே மழை. சொன்னேன். ஊரைச் சொல்லி, குறிச்சியைச் சொல்லி, எங்கள் துண்டுக் காணியின் பெயரையும் சொன்னேன். புளியடிக் கலட்டி. புளியமரத்தடியில் உள்ள கல்லு நிலம் என்று விளக்கினேன். பக்கத்துக் காணி நாவலடிப்புலம், அதற்கு அப்பால் பள்ளத்தோட்டம். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒவ்வொரு துண்டுக்கும் பேர் இருக்கோ?"

"ஓம் அண்ணை. காணி உறுதியிலை அப்பிடித்தான் எழுதியிருக்கும்."

"அந்தப் புளியமரம் நிக்குதோ?"

"நான் பிறக்க முதலே இல்லை."

மனிதர் தொடையில் அடித்துச் சிரித்தார். "எங்கடையிலையும் அதே கதைதான் ஐசே!" டெரி என்றால் ஓக் மரக் காடு. பூலா என்றால் கோடையில் மாடுகளைக் கொண்டுபோய் விட்டுப் பால் கறக்கிற இடம். பால் கறக்கிற இடத்து ஓக் காடு, அதுதான் டெரினபூலா. அவர் பிறந்தபோது அங்கே ஒரு ஓக் மரம்கூட இல்லை. ஆனால் விறகுக்காகச் சதுப்பு மண்ணை வெட்டும்போது அடியில் கன்னங்கரேலென்று ஓக் வேர்கள் வருமாம். பெயர் பொய் சொல்லவில்லை, மண்ணுக்குள் போய் ஒளித்துக்கொண்டது என்பார்.

அந்தப் பெயருக்கு இன்னொரு கதையும் இருந்தது. ஒரு காலத்தில் ஆங்கிலேய ராணுவத்தார் சங்கிலியோடு வந்து நாட்டை அளந்து படம் போட்டார்கள். அங்கிருந்தவர்கள் வாயால் சொன்னதைத் தங்கள் எழுத்தில், தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு அங்கிருந்தவர்களின் பாஷையும் போயிற்று. மார்ட்டினுக்கே ஐரிஷ் பேச வராது. பாட்டனோடு முடிந்துவிட்டது. வயல்களின் பெயரில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கரீநகோப்பல், குதிரைகளின் தோட்டம். அவர்களிடம் குதிரை இருந்ததே இல்லை. கொர்ட்டதுபர், ஊற்று வயல். லெக்கா, சரிவு. பார்க்மோர், பெரிய வயல். அது எவ்வளவு பெரிது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இந்தக் கொட்டிலிலிருந்து வாசல் கேற் வரைக்கும் வரும் என்றார். அதுதான் அவர்களிடம் இருந்ததில் பெரியது.

இன்னொன்றும் சொன்னார், சிரிக்காமல். சதுப்பு ஓரத்தில் இருந்த டெரினபூலாக்காரர்களைக் கீழே நல்ல மண்ணில் இருந்தவர்கள் மதிப்பதில்லை. நடனத்துக்குப் போனால் பெண்கள் முதலில் கேட்பது எந்த டவுன்லாண்ட் என்றுதான். "சொன்ன உடனை அவளுக்குக் கால் நோகத் தொடங்கும்." நான் என் கை கழுவுகிற கதையைச் சொன்னேன். அதை நான் ஒரு ஆளுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. குறிச்சியின் பெயரை இங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். உங்களில் சிலருக்குப் போதுமான தடயம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

மார்ட்டினுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை அவர் ஆசை என்று சொல்லமாட்டார், ஒழுங்கு என்பார். டெரினபூலாவின் எல்லையில் ஒரு பழைய சேமக்காலை. அங்கே அவருடைய தாய் இருக்கிறார். தனக்கும் அதே குழிக்குள் இடம் வேண்டும். லண்டனில் அத்தனை பேருக்குக் குழி வெட்டிய மனிதர், இங்கே ஒரு குழியில் கிடக்க மாட்டேன் என்று நின்றார். "இஞ்சை கிடந்தால் பக்கத்திலை ஆர் எண்டு தெரியாது ஐசே." அந்தச் சேமக்காலையில் புதிதாக யாரையும் வைப்பதில்லை. ஆனால் குடும்பக் குழி இருந்தால், இடத்தைக் காட்டினால், திறந்து தருவார்கள். அங்குள்ள பாதிரியார் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: வாருங்கள், வந்து இடத்தைக் காட்டுங்கள்.

தாயின் குழியில் பெயர் வெட்டிய கல் கிடையாது. டெரினபூலாக்காரர்கள் யாருக்குமே கிடையாது. வயலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து தலைமாட்டில் நட்டுவிடுவார்கள், ஒரு எழுத்து இல்லாமல். அவருடைய தகப்பன் லெக்காவின் மேல் வரம்பிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு போனாராம். எனக்கு அதிசயமாக இருந்தது.

"பேர் எழுதாட்டி ஆரின்ரை எண்டு எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார். "அவைக்குத் தெரிஞ்சதை அவைக்கு ஏன் எழுதிக் காட்டுறது?"

அது ஏழ்மை மட்டும் அல்ல. எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். ஒரு கோடை ஞாயிறில் எல்லோரும் மண்வெட்டியோடு கூடிப் புல்லுச் செதுக்குவார்கள். அப்போது பெரியவர்கள் கல்லுக் கல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள், பிள்ளைகள் பின்னால் போவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய பதிவு. நான் தலையாட்டினேன். எங்கள் காணிக்கும் எல்லை, பச்சைத் தடி நட்டுத் துளிர்க்க விட்ட கதியால் வேலிதானே. எந்தக் கதியால் யாருடையது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அப்போது என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஒரு பழைய டொயோட்டாவும் இருந்தது. மார்ட்டினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓய்வு பெறும் வயது வந்து, நெஞ்சிலும் ஏதோ சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். சொன்னபிறகு எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. மனைவி, "தாயிட்டைத்தானே போகக் கேக்கிறார். போட்டு வாங்கோ" என்றாள். இடியப்பமும் கட்டித் தந்தாள். கப்பலில் வைத்து அவருக்கும் கொடுத்தேன். "இதை ஆர் பின்னினது?" என்று கேட்டுவிட்டு, ஒரு நூல் மிச்சம் விடாமல் சாப்பிட்டார்.

மேற்கே போகப் போக மனிதர் இளமையாகிக்கொண்டு வந்தார். சந்திக்குச் சந்தி பெயர் சொன்னார், பெயருக்குப் பெயர் கதை சொன்னார். கடைசி வளைவில் ஒரு இரும்புத் தடை போட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரே ஊசியிலை மரம். வரிசை வரிசையாக, நெருக்கமாக, உள்ளே இருட்டு. எல்லோரும் போய் வீடுகள் வெறுமையானபின் நிலத்தை வாங்கி முழுவதும் மரம் நட்டுவிட்டார்கள், பலகைக்காக. அது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் கேட்டு அறிந்ததும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல.

உள்ளே போனோம். ஒரு பறவைச் சத்தம் இல்லை. காலடியில் காய்ந்த ஊசிகள், கால் வைத்தால் அமிழும். பாசி மூடிய ஒரு கல் மதில் மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மார்ட்டின் அதில் கையை வைத்தார். "இது பார்க்மோரின்ரை மதில்." மதிலைத் தடவிக்கொண்டே நடந்தார், நான் பின்னால். நிலம் ஏறியபோது "லெக்கா" என்றார். கால் நனைந்தபோது "கொர்ட்டதுபர்! ஊற்று இன்னும் கிடக்குது பார்த்தீரோ!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். ஒவ்வொரு இடத்திலும் நின்று பெயரைச் சொல்வார், மரங்களைப் பார்த்து. எனக்கு மரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு அவர் சொல்லச் சொல்ல வயல் வந்துகொண்டிருந்தது, உண்மையாகவே.

வீடு என்று ஒரு பக்கச் சுவர்தான் மிச்சம். அடுப்படி இருந்த இடத்தில் ஒரு மரம் தடித்து நின்றது. அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "அம்மா இந்த மரத்துக்குள்ளைதான் நிண்டு சமைப்பா" என்றார். பகிடிதான் விட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

சேமக்காலை காட்டுக்கு வெளியே, வெளிச்சத்தில் இருந்தது. பாதிரியார் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். வாசலில் புதுப் பெயின்ட் அடித்த கேற். உள்ளே புல்லு பச்சைக் கம்பளம் மாதிரி, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வெட்டியிருந்தது. தொழில்காரன் கண்ணால் முதலில் நான் அதைத்தான் பார்த்தேன்: அடடா, என்ன வெட்டு! எழுத்து வெட்டிய சில கற்கள் ஒரு பக்கத்தில் நின்றன. மற்றபடி ஒரே சமதரை. மார்ட்டின் கேற்றுக்குள் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார்.

புல் வெட்டும் மிஷினில் இருந்து ஒரு மனிதர் இறங்கி வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். சிவந்த முகம், நல்ல முகம். கீழ் ஊரில் இருந்து வந்து கல்யாணம் செய்து தங்கியவராம். தானும் சில பேரும் சேர்ந்து, யாரும் கேட்காமலே, கிழமைக்குக் கிழமை வந்து இந்த இடத்தைத் துப்புரவாக்கியதாகச் சொன்னார்.

"நீங்கள் முந்தி பார்த்திருக்கவேணும். முழங்கால் அளவுக்குப் பத்தை. உள்ளுக்கு வர ஏலாது."

"பெரிய வேலை" என்றார் மார்ட்டின்.

"கல்லுத்தான் கரைச்சல். புல்லுக்குள்ளை மறைஞ்சு கிடந்து மிஷின் பிளேட்டை உடைச்சுப்போடும். எல்லாத்தையும் கிளப்பி எடுத்துப்போட்டம். அங்கை பாருங்கோ, அந்த மதில் அந்தக் கல்லிலைதான் கட்டினது. வடிவா இருக்கோ?"

காட்டிய பக்கம் பார்த்தோம். இடுப்பளவு உயரத்தில், வளைவாக, அழகான மதில். தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சாந்து இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். ஒரு கல்லிலும் எழுத்தில்லை.

அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. எழுத்தில்லாத கல்லை நானும் லண்டனில் கிளப்பித்தான் போட்டிருப்பேன்.

"உங்கடை ஆக்கள் ஆரும் இஞ்சை இருக்கினமோ?" என்று அந்த மனிதர் கேட்டார்.

மார்ட்டின் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லை. வழியாலை போனம், கேற் திறந்து கிடந்தது" என்றார். "நல்ல வடிவா வைச்சிருக்கிறியள்."

அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி மன்றாடினார். நேரமில்லை என்று சொல்லி வெளியே வந்தோம். மார்ட்டின் மதிலோடு மெதுவாக நடந்து வந்தார். கை ஒவ்வொரு கல்லிலும் பட்டுக்கொண்டு வந்தது. எங்கேயாவது நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

காருக்குள் ஏறியபிறகு நான் கேட்டேன். "ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொல்லி? அந்த மனிசன் இனிமேல் நித்திரை கொள்ள வேண்டாமோ?"

"பாதிரியார் வருவார். தாயார் எவடத்திலை எண்டு ஒரு மட்டுக்கு..."

"கல்லை வைச்சுத்தான் ஐசே எனக்கு இடம் தெரியும். அம்மாவுக்கு வலப்பக்கம் அந்த ரெண்டாய் உடைஞ்ச கல்லு, இடப்பக்கம் வெள்ளைக் கோடு போட்ட கல்லு. ஒரு மட்டுக்குக் காட்டி, ஆரின்ரையோ அம்மாவுக்கு மேலை என்னைக் கொண்டுபோய்க் கிடத்திறதோ?"

பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பினோம். வழியில் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று எடுத்து, வரவில்லை என்று சொன்னார். திரும்புகிற வழியில் சந்திகளின் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலில் மேல்தட்டில் போய்த் தனியே நின்றார். நான் கிட்டப் போகவில்லை. என்ன பேசுவது என்று எனக்கு எப்போதும் தெரியாது, அன்று மற்றவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அதன்பிறகு அவர் கல்லில் உள்ள பெயர்களை வாசிப்பதை விட்டுவிட்டார். வேலையில் இருந்து நின்று, பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சின்ன பிளாட்டில் இருந்தார். பிறகு ஆஸ்பத்திரி. நான் வேலை முடிந்து, வீட்டில் முழுகிவிட்டு, ஞாயிறுகளில் போவேன். கடைசி முறை போனபோது கண்ணை மூடியபடியே, "உம்மடை காணியின்ரை பேரைச் சொல்லும்" என்றார். புளியடிக் கலட்டி என்றேன். "பக்கத்திலை?" நாவலடிப்புலம். "அங்காலை?" பள்ளத்தோட்டம். அதற்கு அங்காலை என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது பொய் என்று தெரிய வழியில்லை. வாய் வரவில்லை. "தெரியாது அண்ணை" என்றேன். "ம்" என்றார்.

சொந்தக்காரர் யாரும் இல்லாதவர்களைக் கவுன்சில் அடக்கம் செய்கிற பொதுக் குழியில், நாங்கள் வேலை செய்த அதே சேமக்காலையில், அவரை வைத்தோம். குழியை நானும் இன்னொருவனும் வெட்டினோம். பக்கத்தில் யார் என்று எனக்குத் தெரியாது. பொதுக் குழியில் கல் நட விடமாட்டார்கள். ஒரு சின்னக் கல்லைக் களவாகப் பதித்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். அது எத்தனை நாள் நிற்கும் என்று என்னிலும் கூடத் தெரிந்தவர் யார்?

இப்போது அந்தக் கொட்டில் இல்லை. புல் வெட்டும் வேலையை ஒரு நிறுவனம் எடுத்துவிட்டது. நானும் அங்கே இல்லை. ஐரிஷ் மூலையில் பழைய கற்கள் மழையில் கரைந்து, ஆளின் பெயர் இருந்தாலும் இடத்தின் பெயர் வாசிக்க முடியாமல் போயிற்று. அது எப்போதும் கீழ்வரியில், சின்ன எழுத்தில் இருக்கும். மண்டபங்களில் "எவடம்?" என்று கேட்கிற பெரியவர்களும் குறைந்துவிட்டார்கள். என் மகளிடம் யாராவது கேட்டால் "ஈஸ்ட் லண்டன்" என்கிறாள், அவ்வளவுதான், அதற்குள்ளே என்று யாரும் கேட்பதில்லை. அது நல்லது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் குறிச்சி ராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பல வருடங்களுக்குப் பிறகு விட்டார்கள். தம்பி போய் நின்று வீடியோவில் காட்டினான். கிணறும் இல்லை, வேலியும் இல்லை, புல்டோசர் போட்ட வெளி. "அண்ணை, எங்கடை துண்டு எதிலை தொடங்குது?" என்று கேட்டான். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

டெரினபூலாவின் வயல்களையாவது எழுதி வைப்போம் என்று நேற்று உட்கார்ந்தேன். கீழே இருந்து மேலே போகிற ஒழுங்கில், மார்ட்டின் நடந்தபடியே. பார்க்மோர். லெக்கா. கொர்ட்டதுபர். கரீநகோப்பல். மோனீன், சின்னச் சதுப்பு. அதற்கு மேலே, வீட்டு வாசலில் நின்றால் நேரே தெரிகிற வயல் ஒன்று இருந்தது. அவருடைய தாய் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது அந்த வயலைப் பார்த்துத்தான். அதன் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், பொருளும் சொல்லியிருக்கிறார். நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை.

இல்ஃபோர்ட்
2024 மார்கழி 8, ஞாயிறு